மௌனம் சம்மதம்

காலையில் காபியும் கையுமாக மெயில்பாக்ஸைத் திறக்கிறேன். முதல் கடிதம்: இன்னார் ஒரு புகாரின் முக்கியத்துவத்தை 'மைனர்' என்பதிலிருந்து 'மேஜர்' என்று மாற்றியிருக்கிறார். இரண்டாவது கடிதம்: அதே இன்னார் அதே புகாரை 'மேஜர்' என்பதிலிருந்து மறுபடி 'மைனர்' ஆக்கியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே ஒரு நிமிஷம்கூட இல்லை. கை தவறிப் பட்டிருக்கும், பாவம். யாருக்குத்தான் தவறாது? ஆனால் அந்தக் கைத்தவறல் கடல் தாண்டிப் போய், லிஸ்ட்டில் இருக்கிற அத்தனை பேர் வீட்டுக் கதவையும் இரண்டு தடவை தட்டியிருக்கிறது. மூன்றாவது கடிதம், ராத்திரி ஓடிய சோதனை தோற்றுவிட்டது என்கிறது. நான்காவது, 'எல்லாம் பழையபடி சரியாகிவிட்டது' என்கிறது. இதற்குள் காபி ஆறிவிட்டது.

இந்தக் கடிதங்களை யாரும் எழுதவில்லை. எல்லாம் இயந்திரம் அனுப்பியது. கீழே கையெழுத்து இருக்கும் இடத்தில் 'இது தானியங்கிச் செய்தி' என்று ஒரு வரி. அதையும் இயந்திரமே போட்டுக்கொள்கிறது.

'கம்ப்யூட்டர் ஆசாமிகள் சமாசாரம், நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நீங்கள் பாங்க்கில் பணம் அனுப்பும்போதும், ரயில் டிக்கெட் எடுக்கும்போதும், பின்னால் ஓடுகிற ஸாஃப்ட்வேரில் கணிசமான பகுதி ஓப்பன் ஸோர்ஸ். உலகில் எங்கெங்கோ இருக்கிற மனிதர்கள், பலர் சம்பளமில்லாமல், ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. அவர்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிற கயிறு ஒன்றுதான்: மெயிலிங் லிஸ்ட். தமிழில் அழகாக மடலாடற்குழு என்று சொல்வார்கள். ஒரு முகவரிக்குக் கடிதம் போட்டால் சேர்ந்திருக்கிற எல்லாருக்கும் போகும். அவ்வளவுதான் தொழில்நுட்பம். அந்தக் கயிறு இப்போது எப்படி இருக்கிறது என்பதுதான் இந்த வாரத்துக் கவலை.

இதற்கு ஒரு பூர்வீகக் கதை உண்டு. 1994-ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில், வலைப் பக்கங்களைப் பரிமாறுகிற ஸர்வர் ஸாஃப்ட்வேரை எழுதிக்கொண்டிருந்த ராப் மெக்கூல் வேலையை விட்டுப் போய்விட்டார். ஸாஃப்ட்வேர் அனாதை. உலகம் முழுக்க அதை உபயோகித்தவர்கள் அவரவர் இடத்தில் ஒட்டுப்போட்டுத் தைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 1995 பிப்ரவரியில் அவர்களில் எட்டுப் பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பிரையன் பெலன்டார்ஃப் என்பவர் ஒரு மெயிலிங் லிஸ்ட் ஏற்பாடு செய்தார். பெயர் 'நியூ-ஹெச்டிடிபிடி'. ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. ஒருவர் திருத்தத்தைக் கடிதத்தில் அனுப்புவார், மற்றவர்கள் தங்கள் மெஷினில் போட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் '+1', பிடிக்காவிட்டால் '-1' என்று பதில் போடுவார்கள். இப்படிக் கடிதத்தாலேயே கட்டியதுதான் அபாச்சி. சில வருஷங்களில் உலகத்தின் பெரும்பாலான வலைத்தளங்கள் அதன்மேல் ஓடின. 1999-ல் அது ஒரு ஃபவுண்டேஷன் ஆயிற்று. இன்றைக்கு அதன் கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான ப்ராஜெக்ட்டுகள்.

ஃபவுண்டேஷன் ஆனபோது பழைய பழக்கங்கள் சட்டங்களாயின. மூன்று சட்டங்களை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, லிஸ்ட்டில் நடக்காதது நடக்கவே இல்லை. நீங்களும் நானும் டீக்கடையில் உட்கார்ந்து முடிவு செய்தாலும், லிஸ்ட்டில் எழுதினால்தான் அது முடிவு. அந்த டீக்கடைக்கு வர முடியாத ஃபின்லாந்துக்காரருக்கும் சம உரிமை வேண்டுமல்லவா? இதைவிட நியாயமான விதியை நான் எந்த அபார்ட்மென்ட் அசோஸியேஷனிலும் பார்த்ததில்லை.

அடுத்தது, எந்த ஓட்டெடுப்பும் குறைந்தது 72 மணி நேரமாவது திறந்திருக்க வேண்டும். ஏனென்றால் ஒருவருக்கு விடியும்போது இன்னொருவருக்கு அஸ்தமனம். ஒருவர் சனி ஞாயிறில்தான் மெயில் பார்ப்பார்.

மூன்றாவதுதான் முக்கியம். 'இப்படிச் செய்யப் போகிறேன், ஆட்சேபம் உண்டா?' என்று லிஸ்ட்டில் கேட்டுவிட்டு மூன்று நாள் காத்திருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் எல்லாருக்கும் சம்மதம் என்று அர்த்தம். இதை அவர்கள் 'சோம்பல் ஒப்புதல்' என்ற பொருளில் ஒரு பெயரிட்டு அழைக்கிறார்கள். நம் ஊரில் பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்வார்களே, மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று, அதேதான். பெண்ணிடம் இரண்டாவது தடவை கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை என்பதும் அதே மாதிரி.

மௌனம் சம்மதம் ஆக ஒரு நிபந்தனை உண்டு. கேள்வி காதில் விழுந்திருக்க வேண்டும். எட்டுப் பேர் இருந்த அறையில் அதைப் பற்றிச் சந்தேகமே இல்லை. பிறகு அந்த அறைக்குள் இயந்திரங்கள் வந்தன.

அவை ஒரேயடியாக வரவில்லை. ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் நியாயமான காரணத்துடன் வந்தன. முதலில் நிரலில் ஒரு வரி மாறினாலும் அதை லிஸ்ட்டுக்குக் கடிதமாக அனுப்பும் ஏற்பாடு. உபகாரமான விஷயம்தான், ஒருவர் செய்ததை நாலு பேர் சரிபார்க்கலாம். 1998-ல் மோஸில்லா ஆட்கள் பக்ஸில்லா என்கிற புகார்ப் பெட்டியைத் திறந்தார்கள். புகார் வந்தால் கடிதம், புகாருக்குப் பதில் வந்தால் கடிதம். 2002-ல் ஜிரா வந்தது. அதில் ஒரு புகாருக்கு ஏகப்பட்ட கட்டங்கள், எந்தக் கட்டத்தில் எதை மாற்றினாலும் கடிதம். ஜென்கின்ஸ் என்று ஒரு காவல்காரன், ராத்திரி பூரா ஸாஃப்ட்வேரைக் கட்டிப் பார்த்து, கட்ட முடியாவிட்டால் கூவுவான். காலையில் கட்ட முடிந்துவிட்டால் அதற்கும் கூவுவான். 2008-ல் கிட்ஹப். இங்கேதான் மழை வெள்ளமாயிற்று.

ஒரு சின்னத் திருத்தத்தின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பார்ப்போம். ஆவணத்தில் ஒரு எழுத்துப் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஜிராவில் புகார் எழுதுகிறார்: ஒரு கடிதம். கிட்ஹப்பில் திருத்தம் அனுப்புகிறார்: இன்னொன்று. அது ஜிராவோடு இணைக்கப்படுகிறது: இன்னொன்று. பரிசோதனை இயந்திரம் 'சரி' என்று குறிப்பு எழுதுகிறது. ஒரு பெரியவர் 'இங்கே ஒரு கமா போடலாமே' என்கிறார். அவர் சொன்னது கிட்ஹப்பிலிருந்து ஒரு கடிதம். அவர் சொன்னதை ஒரு ரோபோ நகலெடுத்து ஜிராவில் ஒட்ட, 'ஜிராவில் ஒரு ரோபோ கருத்துச் சொல்லியிருக்கிறது' என்று இன்னொரு கடிதம். கமா போட்டாயிற்று. 'நன்றி' என்கிறார் பெரியவர். அந்த நன்றிக்கும் இரண்டு கடிதம். திருத்தம் சேர்க்கப்படுகிறது, புகார் 'தீர்ந்தது' ஆகிறது, எந்த வெளியீட்டில் தீர்ந்தது என்று எண் போடப்படுகிறது, பிறகு புகார் 'மூடப்பட்டது' ஆகிறது. தீர்ந்ததற்கும் மூடப்பட்டதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்காதீர்கள். சர்க்கார் ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும். கமா ஒன்று, கடிதம் ஒரு டஜனுக்கு மேல்.

இத்தனைக்கும் நடுவில் ஒரு மனிதர் எழுதிய கடிதம் வருகிறது. கூகுள் 2005-லிருந்து கோடை விடுமுறைக்கு மாணவர்களை ஓப்பன் ஸோர்ஸ் வேலைக்கு அனுப்பும் திட்டம் ஒன்று நடத்துகிறது. நம் பிள்ளைகள் நிறையப் பேர் அதில் போட்டி போடுகிறார்கள். 'முதலில் லிஸ்ட்டில் உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள்' என்று பல ப்ராஜெக்ட்டுகள் அறிவுரை சொல்கின்றன. ஒரு மாணவி ஆங்கிலத்தை மூன்று தடவை திருத்தி, அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்துக்கொண்டு தயங்கி, கடைசியில் அனுப்புகிறாள். மேலே பதினாறு இயந்திரக் கடிதம், கீழே பதினாறு. மூன்று நாள் கழித்து அவள் என்ன நினைத்துக்கொள்வாள்? 'யாரும் பார்க்கவில்லை' என்று நினைக்க மாட்டாள். 'என்னை வேண்டாம் என்கிறார்கள்' என்றுதான் நினைப்பாள். அவளைப் பொறுத்தவரை மௌனம் நிராகரிப்பு.

சரி, ஏன் இப்படி எல்லாவற்றையும் லிஸ்ட்டில் கொட்டுகிறார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் அந்த முதல் சட்டம். லிஸ்ட்டில் நடக்காதது நடக்கவே இல்லை என்றால், கிட்ஹப்பில் நடந்த பேச்சு கணக்கில் வர என்ன வழி? அதையும் லிஸ்ட்டுக்கு அனுப்பிவிடு. சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, யாருக்கும் வேலையும் இல்லை.

இதில் ஒரு பாதி முழுக்க நியாயம். கிட்ஹப்பை 2018-ல் மைக்ரோஸாஃப்ட் வாங்கிவிட்டது. நாளைக்கு யார் வாங்குவார்களோ? கூகுள் கோட் என்று ஒரு இடம் இருந்தது. லட்சக்கணக்கான ப்ராஜெக்ட்டுகள் அங்கே குடியிருந்தன. 2015-ல் நோட்டீஸ் ஒட்டி, 2016 ஜனவரியில் கடையை மூடினார்கள். வாடகை வீட்டில் இருக்கிறவன் பத்திரங்களைச் சொந்த அலமாரியில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஒவ்வொரு நன்றியும் ஒவ்வொரு கமாவும் தங்கள் சொந்தக் காப்பகத்தில் ஒரு பிரதி இருக்க வேண்டும் என்று அபாச்சிக்காரர்கள் விரும்புவதில் எனக்குப் பூரண சம்மதம். இது மௌன சம்மதம் இல்லை, வாயால் சொல்கிறேன்.

என் சண்டை மறு பாதியோடு. பதிவு வேறு, பேச்சு வேறு. சப்-ரெஜிஸ்திரார் ஆபீஸில் எல்லாப் பத்திரமும் பதிவாகிறது. யாரும் சாயந்திரம் போய் உட்கார்ந்து படிப்பதில்லை. படிக்க வேண்டியதில்லை, தேவைப்படும்போது எடுத்துக்கொண்டால் போதும். அதற்காகக் குடும்பத்தில் ஒரு கல்யாணப் பேச்சை அந்த ரெஜிஸ்தரின் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு, 'எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது, யாரும் மறுக்கவில்லை' என்று சொன்னால் ஒப்புக்கொள்வீர்களா? மனிதர்கள் யோசித்து முடிவெடுக்கிற அதே முகவரிக்கு இயந்திரங்களின் தினசரிக் கணக்கையும் அனுப்புவது அந்த மாதிரிதான்.

விதியின் எழுத்தைக் காப்பாற்றி அதன் உயிரை விட்டுவிட்டார்கள். எல்லாரும் பார்க்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது, எல்லாருக்கும் அனுப்பியாயிற்று என்பதோடு நின்றுவிட்டது.

லாக்ஃபோர்ஜே விவகாரம் ஞாபகம் இருக்கிறதா? 2021 டிசம்பரில் உலகத்தையே உலுக்கிய பாதுகாப்பு ஓட்டை. மைன்கிராஃப்ட் விளையாட்டில் அரட்டைப் பெட்டியில் ஒரு வரி தட்டினாலே எதிராளியின் ஸர்வரைக் கைப்பற்றிவிடலாம் என்கிற அளவுக்கு விபரீதம். பத்துக்குப் பத்து மதிப்பெண் வாங்கிய அபாயம். அலிபாபாவைச் சேர்ந்த ஒருவர் அந்த வருஷம் நவம்பரில் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த ஓட்டைக்குக் காரணமான வசதி எப்படி உள்ளே வந்தது தெரியுமா? யாரும் சுவரேறிக் குதித்து வைக்கவில்லை. 2013 ஜூலையில் ஜிராவில் 313-ம் நம்பர் டிக்கெட்டாக, 'இப்படி ஒரு வசதி இருந்தால் நன்றாயிருக்கும், இதோ எழுதியும் வைத்திருக்கிறேன்' என்று பட்டப்பகலில், வாசல் வழியாக வந்தது. நல்லெண்ணத்தோடு வந்தது. சேர்த்துக்கொண்டார்கள். எட்டு வருஷம் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி அங்கேயே இருந்தது.

இயந்திரக் கடிதங்களால்தான் அந்த ஓட்டை நேர்ந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பொய். அது ஒரு ஆபத்தான வசதி என்று அன்றைக்கு நிதானமாகப் படித்த கண்ணுக்கும் தப்பியிருக்கலாம். சொல்ல வருவது இவ்வளவுதான்: எல்லாம் பகிரங்கமாக இருக்கிறது, ஆயிரம் கண்கள் பார்க்கின்றன என்று ஓப்பன் ஸோர்ஸ்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பார்க்கும்படி இருப்பதும் பார்க்கப்படுவதும் ஒன்றல்ல. கண்கள் என்னவோ ஆயிரம்தான். அவை அந்த நேரத்தில் 'டிலீட்' பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தால் என்ன பிரயோஜனம்?

'வடிகட்டி போட்டுக்கொள்ளுங்கள் சார், இதற்கா இத்தனை புலம்பல்' என்று ஒரு இளைஞர் சொல்வது கேட்கிறது. போட்டேன் தம்பி. அந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

அபாச்சி பாணியில் நடக்கும் ஒரு சின்ன ப்ராஜெக்ட்டில் நான் அவ்வப்போது எட்டிப் பார்ப்பேன். பெயர் வேண்டாம். ரிட்டையரான பிறகு மூளை துருப்பிடிக்காமல் இருக்க. தேதிக் கணக்குப் போடும் பகுதியில் ஒரு சின்னத் திருத்தம் செய்து, அது ஏற்கப்பட்டு, நாலு நாள் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன். கூடவே இந்தக் கடித வெள்ளம். தாங்காமல் ஒரு விதி எழுதினேன்: தலைப்பில் 'ஜிரா' என்று இருந்தால் கண்ணில் காட்டாமல் கிடங்குக்கு அனுப்பு. சொர்க்கம். மெயில்பாக்ஸ் கூட்டிப் பெருக்கிய திண்ணை மாதிரி ஆயிற்று.

நாலு மாசம் கழித்து வேறெதையோ தேடிக் கிடங்குக்குள் போனேன். இயந்திரக் கடிதங்களுக்கு நடுவே ஒரு மனிதர். என் திருத்தத்தைப் பற்றி வந்த இயந்திரக் கடிதத்துக்கே அவர் 'ரிப்ளை' அழுத்திப் பதில் எழுதியிருக்கிறார். அதனால் தலைப்பில் 'ஜிரா' ஒட்டிக்கொண்டது, என் விதி அவரையும் இயந்திரம் என்று தள்ளிவிட்டது. 'நீங்கள் செய்த மாற்றத்தில் பிப்ரவரி 29 தப்பாக வருகிறது. இதோ சரிசெய்திருக்கிறேன். சரியா என்று பார்த்துச் சொல்ல முடியுமா?' ஒரு வாரம் கழித்து இரண்டாவது கடிதம்: 'யாராவது பார்த்தீர்களா?' இன்னும் மூன்று வாரம் கழித்து மூன்றாவது: 'பரவாயில்லை, தொந்தரவுக்கு மன்னிக்கவும். நான் எனக்கென்று ஒரு பிரதி வைத்துக்கொண்டு அதில் திருத்திக்கொள்கிறேன்.' அவர் சொன்னது சரி. நான் செய்ததுதான் தப்பு. உடனே பதில் போட்டேன். பதிலுக்குப் பதில் வரவில்லை. லிஸ்ட்டில் அவர் பெயர் அதற்குப் பிறகு வரவே இல்லை. அந்தப் பிப்ரவரி 29-ஐ அப்புறம் நானே திருத்தினேன், அவர் பெயரைப் போட்டு. அதற்கு ஒரு டஜன் இயந்திரக் கடிதம் போயிற்று. அதில் ஒன்றையாவது அவர் பார்த்திருப்பாரா, தெரியாது.

வடிகட்டியில் வேறொரு கோளாறும் உண்டு. ஒவ்வொருவரும் அவரவர் காதில் அவரவர் பஞ்சை வைத்துக்கொண்டால், யார் காதில் எது விழுகிறது என்று யாருக்கும் தெரியாது. லினக்ஸ் கர்னல் லிஸ்ட்டைப் பற்றி அவர்களுடைய ஆவணமே எச்சரிக்கிறது: ஒரு நாளைக்கு 500 கடிதம் வரை வரும், தனி அறைக்குள் தள்ளிவிடுங்கள், எல்லாவற்றையும் படிக்க முயலாதீர்கள், வேறு யாரும் படிப்பதில்லை என்று. நேர்மையான அறிவுரை. ஆனால் கர்னலில் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளும் சட்டம் இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் பொறுப்பாக ஒரு ஆள் இருக்கிறார், அவர் கையில் வாங்கினால்தான் உண்டு. 72 மணி நேர மௌனத்தின்மேல் வீடு கட்டியிருக்கிற இடத்தில் அதே அறிவுரை ஆபத்து.

இயந்திரங்களையே திட்டுவதாக நினைக்காதீர்கள். மரியாதை தெரிந்த இயந்திரங்களும் உண்டு. கர்னல் லிஸ்ட்டிலேயே இன்டெல் கம்பெனி நடத்தும் சோதனை ரோபோ ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய திருத்தத்தை எடுத்துக் கட்டிப் பார்க்கும். உடைந்தால் உங்களுக்கு எழுதும், எப்படிக் கட்டினால் உடைகிறது என்ற செய்முறையையும் சேர்த்து. கூகுளிலிருந்து 2017-ல் வந்த ஸிஸ்பாட் என்கிற ரோபோ ஒரு படி மேல். தானாகப் பிழை கண்டுபிடித்து எழுதுவதோடு, பதில் எழுதினால் படிக்கும். 'இது பழைய பிழையேதான்', 'இதைத் திருத்தியாயிற்று', 'இது பிழையே இல்லை, போய்த் தூங்கு' என்று கடிதத்திலேயே ஒரு வரியில் சொன்னால் கேட்டுக்கொள்ளும். அது கொண்டுவரும் பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்துக் கர்னல்காரர்கள் பெருமூச்சு விடுவது வேறு விஷயம். சொன்னால் கேட்கிறதே, அது போதாதா?

டெபியன்காரர்கள் வேறு வழி கண்டார்கள். அங்கே ஒவ்வொரு பிழைக்கும் சொந்தமாக ஒரு ஈ-மெயில் முகவரி. அதைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்த முகவரியில் பேசலாம். ஒரு ஸாஃப்ட்வேரைத் தொடர விரும்பினால், என்னென்ன வகைக் கடிதம் வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம்: பிழைகள் மட்டும், புது வெளியீடுகள் மட்டும், கட்டுமானத் தோல்விகள் மட்டும் என்று. ஓட்டலில் 'என்ன வேணும் சார்?' என்று கேட்டுவிட்டுப் பரிமாறுகிற மாதிரி. அபாச்சி லிஸ்ட்டுகள் பலவற்றில் கல்யாண வீட்டுப் பந்தி. இலையை மூடினாலும் மேலேயே வைப்பார்கள்.

தானியங்கிப் பதில்களுக்கு நடத்தை விதியே இருக்கிறது. 2004-ல் கீத் மூர் எழுதிய ஆர்எஃப்சி 3834. இயந்திரம் அனுப்பும் கடிதம் தான் இயந்திரம் என்று உறையின் மேலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அதில் ஒரு சாரம். என் விதியைத் தலைப்பைப் பார்த்து எழுதாமல், அந்த உறைக் குறிப்பைப் பார்த்து எழுதியிருந்தால் பிப்ரவரி 29-காரர் தப்பியிருக்கலாம். எல்லா இயந்திரமும் அந்தக் குறிப்பை ஒழுங்காகப் போடுவதில்லை என்றாலும், தப்பு என் மேல்தான்.

அபாச்சியில் இப்போது ப்ராஜெக்ட்டின் கூடவே ஒரு சின்ன அமைப்பு ஃபைல் இருக்கிறது. அதில் நாலைந்து வரி எழுதினால் போதும். நிரல் மாற்றங்கள் ஒரு லிஸ்ட்டுக்கு, புகார்கள் ஒரு லிஸ்ட்டுக்கு, கிட்ஹப் பேச்சு இன்னொன்றுக்கு என்று பிரித்து அனுப்பலாம். பெரியவரின் கமாவை ஜிராவில் கருத்தாக ஒட்டாமல் வேலைக் குறிப்பேட்டில் போடு என்றும் சொல்லலாம், இரட்டைக் கடிதம் நின்றுவிடும். பல ப்ராஜெக்ட்டுகள் செய்திருக்கின்றன. மற்றவர்கள் ஏன் செய்யவில்லை?

சோம்பல் ஒரு காரணம். இன்னொரு காரணம் உண்டு, அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஃபவுண்டேஷன் போர்டுக்கு அறிக்கை தர வேண்டும். அறிக்கை எழுத உதவும் கருவி, உங்கள் லிஸ்ட்டில் இந்தக் காலாண்டில் கடிதப் போக்குவரத்து எத்தனை சதவீதம் ஏறியது, இறங்கியது என்று தானே கணக்கெடுத்துக் கொடுக்கும். இயந்திரம் பேசிக்கொண்டிருந்தால் வரைபடம் ஆரோக்கியமாகத் தெரியும். ஐசியூவில் படுத்திருப்பவரின் நாடியை எண்ணாமல், பக்கத்திலிருக்கும் மின்விசிறியின் சுற்றை எண்ணுவது போல. ஒரு வெளியீட்டுக்கு ஓட்டுப் போட மூன்று பேர் கிடைக்காத ப்ராஜெக்ட்டுகளை அபாச்சியில் 'அட்டிக்' என்ற இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். பரண்தான். 2008-லிருந்து இருக்கிறது. இயந்திரக் கடிதங்களை ஒதுக்கிவிட்டால் தாங்கள் பரணுக்கு எத்தனை கிட்டத்தில் இருக்கிறோம் என்று தெரிந்துவிடுமே என்கிற பயம் சில பேருக்காவது இருக்கும் என்று நினைக்கிறேன். இது என் ஊகம். ஆனால் எண்களை மட்டும் பார்க்கும் எந்த மேலிடத்துக்கும் இந்த வியாதி வரும்.

இனிமேல் இன்னும் மோசமாகலாம். இப்போது இயந்திரமே திருத்தம் எழுதி அனுப்புகிறது, இயந்திரமே பிழை கண்டுபிடித்ததாகக் கட்டுரை எழுதுகிறது. கர்ல் என்கிற, அநேகமாக உங்கள் போனுக்குள்ளும் இருக்கிற ஸாஃப்ட்வேரின் தலைவர் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ-யைக் கொண்டு எழுதிய போலிப் புகார்களைப் படித்துப் படித்துச் சலித்து, பிழை கண்டுபிடித்தால் கொடுத்துவந்த பரிசுத் தொகையை 2026 ஜனவரியோடு நிறுத்திவிட்டார். இந்தப் பக்கத்தில் 'எல்லாக் கடிதத்தையும் படித்துச் சுருக்கித் தருகிறேன்' என்று இன்னொரு ஏஐ. ஒரு இயந்திரம் எழுத, ஒரு இயந்திரம் படிக்க, நடுவில் நாம் எதற்கு? அந்தச் சுருக்கத்தில் மாணவியின் முதல் கடிதம் 'புதியவர் ஒருவர் அறிமுகம்' என்று ஒரு வரியாக வரும். வந்தால்.

என் சின்ன ப்ராஜெக்ட்டுக்குத் திரும்புகிறேன். குற்ற உணர்ச்சியில், இயந்திரக் கடிதங்களையெல்லாம் தனி லிஸ்ட்டுக்கு மாற்றிவிடலாம் என்று யோசனை எழுதினேன். வழக்கம்போல, ஆட்சேபம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் சொல்லவும் என்று போட்டேன். முதல் நாள் பதில் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. ஒருவேளை எல்லாருக்கும் சம்மதமோ, ஒருவேளை என் கடிதம் எல்லாருடைய கிடங்கிலும் இருந்ததோ, விதிப்படி நிறைவேறிவிட்டது. அமைப்பு ஃபைலில் நாலு வரி மாற்றினேன். மாற்றியதைப் பற்றி லிஸ்ட்டுக்கு ஏழு இயந்திரக் கடிதம் போயிற்று. அவைதான் கடைசி.

அப்புறம் அமைதி. இரண்டு நாள் கழித்து, மாதக்கணக்கில் வாயைத் திறக்காத ஒருவர் லிஸ்ட்டுக்கு எழுதினார்: 'ஸர்வரில் ஏதாவது கோளாறா? திங்கட்கிழமையிலிருந்து ஒரு மெயிலும் வரவில்லையே.'

பத்து நிமிஷத்தில் நாலு பேர் பதில் போட்டார்கள். கோளாறு ஒன்றும் இல்லை என்று.